சோப்பு ஆள் பார்க்குமா?

அண்ணியும் நானும் ஒன்பது வருடம் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தோம். அண்ணி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்காவை. காலை ஏழே முக்கால் பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் ஓரம், எனக்கு அவர் பக்கத்து இடம். "ஓரத்துல உக்காரலைன்னா எனக்குத் தலை சுத்தும்" என்பார். அவருக்குத் தலை சுற்றி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எங்களுடையது மூன்று மாடி ஆராய்ச்சிக்கூடம். நான் இரண்டாவது மாடியில் டெக்னீஷியன். ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, தட்டுகளில் வளர்த்து, கிருமிகளைக் கண்டால் அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை. அண்ணி தரைத்தளத்தில், பின்பக்கம், பாட்டில் கழுவும் அறையில்.

அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். அதில் என் சுயநலமும் உண்டு. நாற்பத்து மூன்று வயதில் ஒரு பெட்டி, ஒரு தையல் மெஷினோடு கணவர் வீட்டை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சும்மா இருந்து பழக்கமில்லாதவர். இரண்டே மாதத்தில் என் சமையலறையை மூன்று முறை தலைகீழாக மாற்றி அடுக்கினார். உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டு நான் நின்ற ஒரு காலையில், இனி இப்படியே போனால் ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கே மேடத்திடம் போய், "கழுவுற அறைக்கு ஆள் வேணும்னு சொன்னீங்களே" என்று ஆரம்பித்தேன்.

மேடம் எங்கள் பிரிவின் தலைவி. என்னைவிட இரண்டு வயது பெரியவர். கறார்ப் பேர்வழி. ஆனால் சேர்ந்த ஒரே வாரத்தில் அண்ணியை அவருக்குப் பிடித்துவிட்டது. அண்ணி கழுவிய பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் துளித்துளியாக நிற்காது. ஒரே படலமாக வழிந்து இறங்கும். அதுதான் கண்ணாடி சுத்தமாக இருப்பதற்கு அடையாளம். சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகு ஆறு தடவை குழாய்த் தண்ணீர், மூன்று தடவை காய்ச்சி வடித்த தண்ணீர். வாய்விட்டு எண்ணிக்கொண்டே அலசுவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டார்.

இன்னொரு விதத்திலும் அவர் எங்களுக்கு வேண்டியவராக இருந்தார். சோதனைகளுக்கு நல்ல ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேண்டும். வேலை செய்பவர்களே விருப்பப்பட்டுக் கொடுப்போம். மற்றவர்களுக்கு நரம்பைத் தேடி ஊசியோடு கால் மணி நேரம் போராட வேண்டும். அண்ணிக்கு மட்டும் முழங்கையில் நரம்பு கயிறு மாதிரி தெரியும். "எடுத்துக்கோ, எனக்கு ஊறும்" என்று கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"இன்னிக்கு எத்தனை பேர் செத்தாங்க?"

அணுக்களைத்தான் கேட்கிறார். நானும், "அறுபது சதவீதம் பிழைச்சிருச்சு அண்ணி" என்று ஏதாவது சொல்வேன். ஒருமுறை முன்சீட்டில் இருந்த ஒருவர் பதறித் திரும்பி, "நீங்க ஆஸ்பத்திரில வேலை பாக்குறீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க, நான் பாட்டில் கழுவுறேன்" என்றார் அண்ணி. அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அவர் இறங்க வேண்டிய இடம் அதுதானா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வீடு வந்து சேரும்வரை சிரித்தோம்.

அண்ணி வேலைக்கு வந்த நான்காவது வருடம் ஒரு காய்ச்சல் பரவியது. புது வைரஸ். எங்கள் வீட்டிலும் அண்ணியைத் தவிர எல்லோரையும் படுக்கப் போட்டது. நான் பத்து நாளில் எழுந்துவிட்டேன். அவர் தம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, காய்ச்சல் போய் மாதக்கணக்காகியும் தெம்பு வரவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். வைரஸ் உடம்பில் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். பிறகு ஏன் இப்படி என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அந்த வைரஸின் மேல்புறத்தில் இருக்கும் ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவும் வேலையில் இறங்கியது. முழுப் புரதத்தைப் பார்த்தால் நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் என்ன செய்கின்றன என்பதுதான் கேள்வி. அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க, அதே புரதத்தை நம் உடம்பு வெட்டுகிற மாதிரியே பொடிப்பொடியாக வெட்டி, அந்தத் துண்டுகளை இன்னொரு தட்டில் போட்டோம். துண்டுகள் ஒன்றும் செய்யாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "அது செத்த பாம்பு. சும்மா பக்கத்துல வச்சுப் பாக்கத்தான்" என்றார் மேடம்.

உயிரோடு இருக்கும் அணு பச்சையாகவும், செத்தது சிவப்பாகவும் தெரிய ஒரு சாயம் உண்டு. முதல் நாள் சோதனை முடிந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். முழுப் புரதம் போட்ட தட்டில் பெரும்பாலும் பச்சை. துண்டுகள் போட்ட தட்டில் சிவப்புச் சிவப்பாக ஒரே சாவு.

மேடம் வந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"துண்டுகளை எதுல கரைச்சீங்க?"

"நாம தயாரிக்கிற உப்புக் கரைசல்ல, மேடம்."

"எந்த பாட்டில்?"

கண்ணாடி பாட்டில். கீழே கழுவி வந்தது. மற்ற தட்டுகளில் போட்டதெல்லாம் கம்பெனியிலிருந்து சீல் வைத்து வந்த திரவம். வித்தியாசம் அந்த ஒரு பாட்டில்தான். மேடம் மூன்று முறை திரும்பச் செய்யச் சொன்னார். மூன்று முறையும் அதே சிவப்பு.

"பாட்டில்ல சோப்பு நிக்குது. வேற ஒண்ணும் இல்லை" என்று முடிவு கட்டினார்.

இங்கே ஒரு உண்மையை நான் சொல்லியாக வேண்டும். துண்டுகள் எதுவும் கலக்காமல் வெறும் உப்புக் கரைசலை மட்டும் போட்டு ஒரு தட்டு வைத்திருக்க வேண்டும். அது சோதனையின் அரிச்சுவடி. அந்த ஒரு தட்டு இருந்திருந்தால் குற்றம் பாட்டிலிலா, துண்டிலா என்று அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். முதல் நாள் தட்டு போதவில்லை, விட்டுவிட்டேன். பிறகு மூன்று முறையும் அதே கணக்கில் செய்தேன். நடுவில் அதைச் சேர்த்தால், முதலில் ஏன் விட்டாய் என்று கேள்வி வரும். என் வேலை நீட்டிப்புக் கடிதம் மேடத்தின் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்த நேரம் அது. வாயை மூடிக்கொண்டேன்.

மேடம் அண்ணியை மேலே கூப்பிட்டார். எல்லோரும் இருந்தோம். அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"பாட்டிலை ஒழுங்கா அலசுறீங்களா?"

"ஆறு தடவை குழாய், மூணு தடவை வடிச்ச தண்ணி. ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குத் தூக்கம் வராது."

"அப்போ செல்லெல்லாம் ஏன் சாகுது?"

"அது உங்களுக்குத்தான் தெரியணும். நான் படிச்சவ இல்லை."

"சோப்பு நின்னா சாகும். ஒரு மாச வேலை வீணாப் போச்சு, தெரியுமா?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் தரையைப் பார்த்தேன். ஒரு டைல்ஸின் மூலை உடைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் ரத்தத்தையும் எடுத்துக்கிட்டு, பழியையும் என் மேல போடுறீங்க. நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஸ்டோரிலிருந்து ஒரு ஆளைக் கழுவப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது உயிர் போய்விட்டது. அண்ணி என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் அடுப்படியில் பக்கத்திலேயே நிற்பேன். அவர் கூடத்தில் படுத்திருக்கும் தம்பியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"தம்பி, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. பால் பொங்குது."

"அவ உன் பக்கத்துலதானே நிக்கிறா? நான் என்ன தபால்காரனா?" என்று முனகுவார் அவர். எழுந்து வரத் தெம்பும் இல்லை. அதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும்.

காலை பஸ்ஸில் தனியாகப் போனேன். ஜன்னல் ஓரம் காலியாக இருந்தாலும் பழக்க தோஷத்தில் இந்தப் பக்கமே உட்கார்ந்தேன். யாராவது, "கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க" என்றால் மட்டும் நகர்வேன்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. காய்ந்தும் காயாத துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து எதிரே உட்கார்ந்து தானும் மடிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"எல்லாரும் செத்தாங்களா?"

இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"எல்லாரும் இல்லை அண்ணி. கை இருக்கிறவங்கதான்."

அணுக்களில் ஒரு வகை உண்டு. நட்சத்திரம் மாதிரி நாலா பக்கமும் கையை நீட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கிருமி வந்தது என்று பிடித்துப் பார்த்து மற்ற அணுக்களுக்குச் சேதி சொல்வது அவைதான். பஸ் பேச்சில் அண்ணியும் நானும் அவற்றைக் 'கைக்காரிகள்' என்போம். அப்படிச் சேதி கேட்டுச் சண்டைக்குப் போகும், மேலெல்லாம் சொரசொரவென்று முள்ளுமுள்ளாக இருக்கும் அணுக்களும் நிறைய செத்திருந்தன.

"உருண்டையா வழவழன்னு இருக்குமே, அதுங்க?"

"அதுங்க நல்லாத்தான் இருக்கு."

"ஒரே தட்டுலதானே?"

"ஒரே தட்டுலதான்."

அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"ஏன்டி, சோப்பு ஆள் பார்த்தா கொல்லும்? நின்னா எல்லாத்தையும்தானே கொல்லணும்? கை இருக்கிறவளைக் கொன்னுட்டு உருண்டையா இருக்கிறவளை விட்டுட்டுப் போறதுக்கு அதுக்கு என்ன கண்ணா இருக்கு?"

எனக்குச் சுரீர் என்றது. பதினாறு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவள் நான். சிவப்பை எண்ணினேன், பச்சையை எண்ணினேன். யார் செத்தது, யார் பிழைத்தது என்று பிரித்துப் பார்த்தும் இருந்தேன். அதைச் சோப்போடு சேர்த்து யோசிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றாமல் நானே பார்த்துக்கொண்டேனோ என்னவோ.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போனேன். யாரும் வருவதற்கு முன்னால் தட்டுகளை அடுக்கினேன். சீல் உடைக்காத புதுக் கரைசலை வாங்கி வைத்திருந்தோம். அதில் துண்டுகளைக் கரைத்து ஒரு தட்டு. துண்டுகள் இல்லாமல் அந்தப் புதுக் கரைசல் மட்டும் ஒரு தட்டு. அலமாரியின் மேல்தட்டில் அண்ணி கழுவி வைத்துப் போன பாட்டில்கள் அப்படியே இருந்தன. அதில் ஒன்றில் கரைசல் தயாரித்து, வெறும் கரைசலாக ஒரு தட்டு. இதைத்தான் முதல் நாளே நான் செய்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பார்த்தேன். அண்ணியின் பாட்டில்: முழுக்கப் பச்சை. புதுக் கரைசல்: முழுக்கப் பச்சை. புதுக் கரைசலில் துண்டுகள்: கைக்காரிகள் எல்லாம் சிவப்பு, உருண்டைகள் பச்சை.

மேடம் கதவைத் திறந்ததும் போய் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. தட்டுகளைப் பற்றி முதலில் சொன்னேன். பிறகு நான் விட்ட தட்டைப் பற்றிச் சொன்னேன்.

"இதை அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"பயம், மேடம்."

"அவங்க உங்க வீட்டு மனுஷி."

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு தானே போய் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தார். வெகுநேரம் எழவில்லை. பிறகு தன் கையாலேயே எல்லாத் தட்டுகளையும் மறுபடி வைத்தார். மறுநாளும் அதே முடிவு. அன்று சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"நீங்க எந்த பஸ்ல போவீங்க? நானும் வரேன்."

ஜன்னல் ஓரத்தில் மேடம் உட்கார்ந்தார். சொல்லக் கூடாதுதான், எனக்கு அது ஏனோ பொறுக்கவில்லை.

அண்ணி தையல் மெஷினில் இருந்தார். மேடத்தைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ஆனால் கால் மிதிப்பதை நிறுத்தினார். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தப்பு எங்க மேல. உங்க பாட்டில்ல ஒண்ணும் இல்லை. என்னை மன்னிச்சிருங்க."

"இங்க பாருங்க, மன்னிப்பெல்லாம் அப்புறம். அது ஏன் கை இருக்கிறவங்களை மட்டும் கொல்லுது? முதல்ல அதைச் சொல்லுங்க. மூணு நாளா மண்டை காயுது."

மேடம் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. சுற்றும்முற்றும் பார்த்து, மெஷின் மேல் கிடந்த பழைய துணியை எடுத்தார்.

"துணி பழசானா முதல்ல எங்க கிழியும்?"

"மடிப்புல."

"அதேதான். அணுவுக்கும் மேல ஒரு தோல் இருக்கு. உருண்டையா இருந்தா அதுல மடிப்பே இல்லை. கை நீட்டிட்டு இருக்கிறதுக்கு உடம்பெல்லாம் மடிப்பு, வளைவு. இந்தத் துண்டுங்க ஒண்ணொண்ணும் தனியா ஒண்ணும் பண்ணாது. அந்த வளைவா இருக்கிற இடத்துல போய் கூட்டமாச் சேர்ந்து குத்திக் கிழிக்குதுன்னு நினைக்கிறேன். இன்னும் பார்க்கணும்."

"வைரஸ் செத்த பிறகுமா?"

"செத்த பிறகுதான். நம்ம உடம்புதான் அதை வெட்டிப் போடுது. வெட்டினதுல சில துண்டு இப்படி."

அண்ணி கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் தம்பி போர்வைக்குள் படுத்திருந்தார்.

"இவன் இத்தனை மாசமா எந்திரிக்காம கிடக்கிறது அதனாலயா?"

"அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தட்டுல பார்த்ததை வச்சு உடம்பைப் பத்திச் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கேள்வியைத்தான் இனிமே நாங்க கேட்கணும்."

அந்த நேர்மை அண்ணிக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். எழுந்து போய் டீ போட்டார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு, விட்ட தட்டைப் பற்றி அவரிடமும் சொன்னேன். நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் முடித்திருக்க மாட்டேன்.

அண்ணி கடைசிவரை கேட்டார். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தம்பி, உன் பொண்டாட்டி இப்பத்தான் வாயைத் திறந்திருக்கா!"

"நேரா அவகிட்டயே சொல்லேன்க்கா" என்றது போர்வை.

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணியும் சிரித்தார். நான் அழுதேன்.

திரும்பி வர அண்ணி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எந்த இடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்களோ அதே இடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். மேடம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று என் பங்கைச் சொன்னேன். நீட்டிப்புக் கடிதத்தில் மேடம் கையெழுத்துப் போட்டது அதற்குப் பிறகுதான். ஒரு மாதம் அதற்காக என்னை அலையவிட்டார், அது நியாயமே.

எனக்கு அண்ணி தனியாக ஒரு தண்டனை வைத்திருந்தார். மூன்று மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும் அரை நாள், அவரோடு சேர்ந்து பாட்டில் கழுவ வேண்டும். என் வாழ்க்கையில் திரும்பக் கிடைக்காதா என்று நான் ஏங்குவது அந்தச் சனிக்கிழமைகளுக்குத்தான். கட்டிடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். பின்பக்கச் சன்னலில் வெயில் சாய்வாக விழும். வெந்நீரில் கை ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போகும். நான் எண்ணுவதை அவர் நம்ப மாட்டார். நான் ஐந்து என்றால் நாலு என்பார். சண்டை போட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். அலசி முடித்த பாட்டில்களை உலர்த்தும் அடுப்புக்குள் அடுக்கிவிட்டு, இரண்டு கவிழ்த்த வாளிகளின் மேல் உட்கார்ந்து டீ குடிப்போம். இளவயதில் பார்த்த ஆட்களைப் பற்றிப் பேசுவார், அவர்கள் நடப்பதை நடந்து காட்டுவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். மூன்று மாதம் முடிந்தது. "உனக்கு விடுதலை" என்றார். அடுத்த சனிக்கிழமையும் போனேன். எதற்கு வந்தாய் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அந்த ஆராய்ச்சி அச்சில் வந்தது. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், நன்றி சொல்லும் இடத்தில் அண்ணியின் பெயர் இருந்தது. மேடம் கொண்டுவந்து காட்டினார். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இனிஷியலைத் தப்பாப் போட்டிருக்கீங்க."

நிஜமாகவே தப்புதான். மேடத்துக்கு முகத்தில் ஈயாடவில்லை. மூன்று பேர் படித்துச் சரிபார்த்த கட்டுரை. பேனாவால் திருத்திக் கொடுத்தார். அதற்கப்புறம் எந்தக் காகிதத்தை மேடம் நீட்டினாலும், "சரியா எழுதியிருக்கீங்களா?" என்று கேட்பதை அண்ணி வழக்கமாக்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் தேறி எழ ஒன்றரை வருடம் ஆனது. எதனால் விழுந்தார், எதனால் எழுந்தார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் படியில் உட்காராமல் மாடிக்குப் போய்விட்டு, மேலேயிருந்து எங்கள் இருவரையும் கத்திக் கூப்பிட்டார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அண்ணி முட்டிவலி தாங்காமல் வேலையை விட்ட பிறகு கழுவும் அறைக்கு மெஷின் வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குள் கண்ணாடி பாட்டில்களே குறைந்துவிட்டன. அண்ணி போய் இப்போது மூன்று வருடமாகிறது. நான்கே நாள் படுத்தார், யாரையும் சிரமப்படுத்தவில்லை.

தகவல் கேள்விப்பட்டு மேடம் வந்திருந்தார். அவருக்கும் முடியெல்லாம் நரைத்திருந்தது. சாயங்காலம் வரை இருந்தார். புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அவங்க ஒரு நாள் கூட என்னை மேடம்னு கூப்பிட்டதில்லை. கவனிச்சிருக்கீங்களா?"

நான் கவனித்ததில்லை. "வேற என்னன்னு கூப்பிடுவாங்க?"

கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்ணும் கூப்பிட மாட்டாங்க. நேரா விஷயத்துக்கு வந்துருவாங்க."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்.